உபரி எல்லாம் லாபம் ஆகுமா?

(கேமரன் மலையின் தானா ராத்தாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பொருள், ஒரு நாட்டின் நிகர ஏற்றுமதியும் வர்த்தகச் சமநிலையும். கேட்டதும் இது கோலாலம்பூர் அமைச்சகங்களில் பேசவேண்டிய விஷயமாயிற்றே என்று தோன்றலாம். ஆனால் இதைப் பேசுவதற்குக் கேமரன் மலையைவிடப் பொருத்தமான ஊர் மலேசியாவில் உண்டா? 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல், இந்த மலை பிழைப்பதே ஏறும் சரக்காலும் இறங்கும் சரக்காலும்தான். இறங்குகிற லோரியில் சிங்கப்பூருக்கு முட்டைக்கோஸ் போகிறது, ஜப்பானுக்குச் செவ்வந்திப் பூ போகிறது, தேயிலை போகிறது. ஏறுகிற லோரியில் என்ன வருகிறது? உரம் வருகிறது, டீசல் வருகிறது, விதை வருகிறது, இயந்திரம் வருகிறது. ஒரு நாட்டின் வர்த்தகக் கணக்கு முழுவதும் இந்த மலைப்பாதையில் தினமும் நடமாடுகிறது.

கணக்கின் அடிப்படை மிக எளிது. நாடு வெளியே விற்றதிலிருந்து வெளியே வாங்கியதைக் கழித்தால் மிஞ்சுவது நிகர ஏற்றுமதி. விற்றது அதிகமானால் உபரி; வாங்கியது அதிகமானால் பற்றாக்குறை. மாதந்தோறும் நாளிதழ்களில் வரும் வர்த்தகச் சமநிலை சரக்குகளை மட்டும் கணக்கில் எடுக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணக்கிடும்போது வரும் நிகர ஏற்றுமதியில் சரக்கோடு சேவைகளும் சேரும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இது தேவைப்படும்.

மலேசியாவின் கணக்கு என்ன சொல்கிறது? 2024-இல் நாட்டின் ஏற்றுமதி 1.5 டிரில்லியன் வெள்ளி (ரிங்கிட்), அதாவது ஒன்றரை லட்சம் கோடி. இறக்குமதி 1.37 டிரில்லியன். உபரி சுமார் 13,700 கோடி வெள்ளி. 1998 முதல் ஓர் ஆண்டுகூடத் தவறாமல் மலேசியா சரக்கு வர்த்தகத்தில் உபரி கண்டுவருகிறது. இதைக் கேட்டால் பெருமையாக இருக்கிறது. மளிகைக் கடைக்காரர் இரவில் பேரேட்டைக் கூட்டிப் பார்த்து, வரவு மிஞ்சினால் நிம்மதியாகத் தூங்கப் போகிறாரே, அந்த நிம்மதி நாட்டுக்கும் கிடைத்துவிட்டது என்று எண்ணத் தோன்றுகிறது.

அந்த எண்ணத்தைத்தான் இன்று சோதித்துப் பார்க்க வேண்டும். உபரி என்றால் லாபமா? பற்றாக்குறை என்றால் நட்டமா?

முதலில் 1998-க்கே போவோம். அந்த ஆண்டில் மலேசியாவின் வர்த்தக உபரி 5,800 கோடி வெள்ளியைத் தாண்டியது. அதற்கு முன் சில ஆண்டுகள் பற்றாக்குறையில் தடுமாறிய நாடு அது. அப்படியானால் 1998 கொண்டாட்டமான ஆண்டா? நடுத்தர வயதைக் கடந்தவர்களைக் கேளுங்கள். ஆசிய நிதி நெருக்கடி அடித்த ஆண்டு அது. ஒரு டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்த நாணய மதிப்பு சரிந்து சரிந்து, கடைசியில் செப்டம்பரில் 3 வெள்ளி 80 காசு என்று அரசு கட்டிவைத்தது. நாட்டின் உற்பத்தி 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. கட்டுமானப் பணிகள் பாதியில் நின்றன, வேலைகள் போயின. பிறகு எங்கிருந்து வந்தது உபரி? மக்களாலும் நிறுவனங்களாலும் வெளிநாட்டுச் சரக்கை வாங்க முடியவில்லை, டாலர் மதிப்பில் இறக்குமதி விழுந்தது, கழித்தபோது மிச்சம் பெரிதாகத் தெரிந்தது.

இப்போது 2023-ஐயும் 2024-ஐயும் அருகருகே வையுங்கள். 2023-இல் உபரி 21,400 கோடி வெள்ளி. 2024-இல் அது 13,700 கோடியாக இறங்கிவிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ச்சி! நாடு நொடித்துவிட்டதா? இல்லை. 2023-இல் 4 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த பொருளாதார வளர்ச்சி, 2024-இல் 5 விழுக்காட்டைத் தாண்டியது. ஏற்றுமதியும் கூடியது. இறக்குமதி அதைவிட வேகமாகக் கூடியது, அவ்வளவுதான். கூடிய அந்த இறக்குமதியில் ஒரு பகுதி தொழிற்சாலைகளுக்கும் தரவு மையங்களுக்குமான இயந்திரங்களும் கருவிகளும். நாளைய உற்பத்திக்காக இன்று வாங்கிய சாமான்கள். உபரி பெரிதாக இருந்த 1998 துயரமான ஆண்டு. உபரி குறைந்த 2024 நல்ல ஆண்டு. எண்ணை மட்டும் பார்த்தவர் இரண்டு முறையும் ஏமாந்திருப்பார்.

அடுத்து, பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது மக்களின் நுகர்வு, முதலீடு, அரசின் செலவு ஆகியவற்றோடு ஏற்றுமதியைக் கூட்டி, இறக்குமதியைக் கழித்துப் பெறும் தொகை. பள்ளிப் பாடத்திலேயே இந்தச் சூத்திரம் வருகிறது. கழித்தல் குறியைப் பார்த்ததும் இறக்குமதி நாட்டின் உற்பத்தியைத் தின்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். படித்தவர்கள்கூட மேடையில் இப்படிப் பேசுகிறார்கள். அது தவறு.

ஏன் கழிக்கிறார்கள்? இந்த ஊர்க் கடைத்தெருவில் ஒரு கோப்பை தே தாரிக் குடித்துப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் காசு முழுவதும் நுகர்வுக் கணக்கில் ஏறிவிடும். ஆனால் அந்தக் கோப்பையில் இருப்பதெல்லாம் மலேசியாவில் விளைந்ததா? சீனிக்கான கச்சாச் சர்க்கரை பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. கெட்டிப்பாலில் இருக்கும் பால்மாவு நியூசிலாந்திலிருந்து வந்திருக்கலாம். அதில் கலந்த செம்பனை எண்ணெய் உள்ளூர். தேயிலைத்தூள்? கடைக்காரர் எந்தப் பொட்டலம் வாங்கினார் என்பதைப் பொறுத்தது. ஆற்றிக் கொடுத்தவரின் உழைப்பும் கடை வாடகையும் இந்த ஊருடையவை. நுகர்வுக் கணக்கில் கலந்துவிட்ட பிரேசில் சர்க்கரையையும் நியூசிலாந்துப் பாலையும் பிரித்தெடுக்க வேண்டுமல்லவா? அதற்காகத்தான் இறக்குமதியைக் கழிக்கிறார்கள். கூட்டலில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதை வெளியே எடுக்கிறார்கள். பிரேசில் சர்க்கரை வந்ததால் மலேசியாவின் உற்பத்தி ஒரு காசுகூடக் குறையவில்லை. அந்தச் சர்க்கரை வராவிட்டால் கடையில் தே தாரிக் ஆற்றுபவருக்கு வேலை ஏது?

தேயிலைத்தூளை இன்னும் கொஞ்சம் பேசலாம். இங்கே மலை முழுக்கப் பச்சைக் கம்பளமாகத் தேயிலை விரிந்து கிடப்பதைப் பார்க்கும் எவரும், மலேசியா தேயிலையில் தன்னிறைவு பெற்ற நாடு என்றே நினைப்பார். உண்மை நேர்மாறு. மலேசியா ஏற்றுமதி செய்வதைவிட அதிகத் தேயிலையை இறக்குமதி செய்கிறது. இலங்கை, இந்தோனேசியா, வியட்நாம், சீனா என்று பல இடங்களிலிருந்து வருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சமவெளியில் நிலம் செம்பனைக்குப் போனது; அங்கே அதன் வருமானம் அதிகம். நல்ல தேயிலைக்குக் குளிர்ந்த மலை ஏற்றது, நிறைய ஆளும் வேண்டும். மலேசியாவில் இரண்டும் அரிது. எதைச் செய்தால் தனக்கு ஒப்பீட்டளவில் ஆதாயமோ அதைச் செய்து, மற்றதை வாங்கிக்கொள்வதே அறிவு என்று டேவிட் ரிக்கார்டோ 1817-லேயே எழுதிவிட்டார். பினாங்கில் மின்னணுச் சில்லுகளைப் பொருத்திச் சோதித்து அனுப்பும் நாடு, கொஞ்சம் தேயிலையை வாங்கிக் குடிப்பதில் நட்டமில்லை. உணவுப் பொருள்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டால் மட்டும் கவலைப்பட இடமுண்டு. 2020-இல் மலேசியா 5,550 கோடி வெள்ளிக்கு உணவை இறக்குமதி செய்தது; ஏற்றுமதி செய்தது 3,380 கோடிக்கு. விலையேற்றமோ தொற்றுநோயோ வந்து கப்பல் நின்றால், அந்த இடைவெளி சந்தையில் உடனே வலிக்கும்.

சேவைகளைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா? சுங்கை பாலாஸ் தேயிலை மையத்தில் மலைச்சரிவைப் பார்த்தபடி ஒரு சிங்கப்பூர்க் குடும்பம் தேநீர் குடிக்கிறது. பக்கத்து மேசையில் ஈப்போவிலிருந்து வந்த குடும்பம். இரண்டு மேசையிலும் அதே தேநீர், அதே விலை. ஆனால் சிங்கப்பூர்க் குடும்பம் குடித்தது ஏற்றுமதி! மலையை விட்டு ஓர் அடிகூட இறங்காத ஏற்றுமதி. வெளிநாட்டவர் இங்கே தங்கும் அறை, ஏறும் வண்டி, வாங்கும் ஸ்ட்ராபெரி எல்லாம் சேவை ஏற்றுமதியின் சுற்றுலாக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதை ஏன் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது? 2019-இல் மலேசியாவுக்கு 2 கோடியே 61 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 8,610 கோடி வெள்ளி செலவழித்தார்கள். 2020-இல் கொரோனா வந்தது. பயணிகள் 43 லட்சம், வருமானம் 1,270 கோடி. அதே 2020-இல் சரக்கு வர்த்தக உபரி என்ன ஆனது தெரியுமா? கூடியது! 14,570 கோடியிலிருந்து 18,480 கோடிக்கு ஏறியது. ரப்பர் கையுறைக்கு உலகமே அலைந்த ஆண்டு அது, இறக்குமதியும் குறைந்திருந்தது. பத்திரிகைத் தலைப்பில் உபரி உயர்ந்தபோது, கேமரன் மலையில் விடுதிகள் பூட்டிக் கிடந்தன. தலைப்பு பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னது.

இனி, தேயிலையை நம்பி வாழும் எவரும் மறக்கக் கூடாத ஒரு வரலாறு. இலங்கையின் வரலாறு. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கொழுந்து பறிப்பவர்கள் இந்த அவையில் இருப்பவர்களின் உறவுதான். ஒரே தமிழ்க் கரைகளிலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தான்.

2021-இல் இலங்கை அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிக்கொண்டிருந்தது. அந்த மே மாதம் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. இயற்கை வேளாண்மை, மக்களின் உடல்நலம் என்று காரணம் சொன்னார்கள். உரத்துக்குப் போகும் டாலரை மிச்சம் பிடிக்கும் கணக்கும் அதில் இருந்தது. தாளில் போட்டுப் பாருங்கள்: இறக்குமதி குறையும், பற்றாக்குறை குறையும், கணக்கு நேராகும். செடி என்ன செய்தது? தேயிலைச் செடிக்குத் தழைச்சத்து கிடைக்காவிட்டால் கொழுந்து விடும் வேகம் குறையும். இது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. விலக்கிய பின்பும் உரத்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2021-இல் 29.9 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022-இல் 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. கால் நூற்றாண்டு காணாத வீழ்ச்சி. நெல்லும் விழுந்தது, ஏற்றுமதிக்குத் தேயிலை குறைந்த நாட்டில் அரிசியை டாலர் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. இறக்குமதியை வெட்டப் போனவர்கள் ஏற்றுமதியின் வேரையே வெட்டிவிட்டார்கள்.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைத்தது. பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை. மருந்தில்லை, சமையல் எரிவாயு இல்லை. அந்த ஆண்டின் வர்த்தகப் பற்றாக்குறையைப் பார்த்தீர்களா? 2021-இல் 810 கோடி டாலர். 2022-இல் 520 கோடி டாலர். குறைந்துவிட்டது! வாங்கக் காசில்லாமல் வரிசையில் நின்ற மக்களின் வேதனை, புள்ளிவிவரத்தில் முன்னேற்றமாகப் பதிவாகியிருக்கிறது. இதைவிடக் கொடுமையான முன்னேற்றம் உண்டா?

தேயிலை எவ்வளவு பெரிய பொருள் என்பதற்கும் இலங்கையே சாட்சி. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 25 கோடி டாலர் பாக்கியைத் தேயிலையாகவே கொடுத்துத் தீர்ப்பதாக 2021 டிசம்பரில் இலங்கை ஒப்பந்தம் செய்தது. மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள தேயிலை. கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணின் முதுகில் ஒரு நாட்டின் எண்ணெய்க் கடனும் ஏறியது. இத்தனைக்கும் பிறகு அவளுக்குக் கிடைத்த நாட்கூலி, கொழும்பில் தேயிலைக்குக் கிடைத்த டாலரோடு ஒப்பிடத் தகுதியே இல்லாதது.

வர்த்தகச் சமநிலையைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டனிலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் உலகின் பெரும்பாலான நாடுகளுக்குப் புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தார். மலேசியாவுக்கு 24 விழுக்காடு. எப்படிக் கணக்கிட்டார்கள்? 2024-இல் அமெரிக்கா மலேசியாவிடம் 5,250 கோடி டாலருக்குச் சரக்கு வாங்கியது. அதில் அமெரிக்காவின் பற்றாக்குறை 2,480 கோடி. வகுத்தால் 47 விழுக்காடு. அதைப் பாதியாக்கினார்கள், 24 வந்தது. அவ்வளவுதான் கணக்கு. இலங்கைக்கு இதே முறையில் 44 விழுக்காடு. சேவைகளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அமெரிக்காவே உபரி காணும் சிங்கப்பூருக்கும் 10 விழுக்காடு விழுந்தது. பிறகு நடந்த பேச்சுவார்த்தைகளின் முடிவில், மலேசியாவுக்கான வரி 2025 ஆகஸ்டில் 19 விழுக்காடாக இறங்கியது.

இரண்டு நாடுகளுக்கிடையே உள்ள பற்றாக்குறையை ஏமாற்றாகப் படித்ததன் விளைவு இது. மலேசியா அமெரிக்காவுக்கு அனுப்புவதில் முக்கியமானவை மின்னணுப் பொருள்கள். 1972 முதல் பினாங்கில் இயங்கும் இன்டெல் போன்ற அமெரிக்க நிறுவனங்களே அவற்றில் பலவற்றைச் செய்கின்றன. ஒரு சில்லின் வடிவமைப்பு ஓர் இடத்தில், தகடு வேறோர் இடத்தில், பொருத்திச் சோதிப்பது பாயான் லெப்பாஸில். அங்கிருந்து புறப்படும்போது சில்லின் முழு விலையும் மலேசியாவின் ஏற்றுமதியாகப் பதிவாகிறது. அதற்குள் இருக்கும் மற்ற நாடுகளின் பங்கோ, அமெரிக்காவுக்கே திரும்பிப் போகும் லாபமோ வர்த்தகச் சமநிலையில் தெரிவதில்லை.

லாபம் எங்கே போகிறது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பிரிட்டிஷ் பேரரசுக்கு மிக அதிக டாலர் ஈட்டித் தந்த குடியேற்ற நாடு மலாயாதான். ரப்பரும் வெள்ளீயமும் அமெரிக்காவுக்குப் போயின. டாலர் லண்டனுக்குப் போனது. விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவிய தமிழர்கள், பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசியைத் தின்று லயத்தில் வாழ்ந்தார்கள். அன்றைய மலாயாவின் ஏற்றுமதிக் கணக்கு பிரமாதமாக இருந்தது. பால்மரக் காட்டில் உழைத்தவர் வீட்டில் அந்தப் பிரமாதம் தெரிந்ததா? ஆகவேதான் பொருளாதார அறிஞர்கள் வர்த்தகச் சமநிலையோடு நிற்பதில்லை. நடப்புக் கணக்கையும் பார்க்கிறார்கள். வெளிநாட்டு முதலாளிக்குப் போகும் ஆதாயம், தொழிலாளி ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அங்கேதான் பதிவாகும்.

இன்று இந்த மலையில் தேயிலை வரிசைகளுக்கு இருபுறமும் நின்று, ஆளுக்கொரு முனையாக அறுவடை இயந்திரத்தைப் பிடித்து நகர்த்துகிறவர்கள் யார்? வங்காளதேசத்தார், இந்தோனேசியர், நேப்பாளத்தார். அன்று தமிழர்கள் நின்ற இடம் அது. அவர்கள் மாதாமாதம் அனுப்பும் பணம் மலேசியாவின் கணக்கில் வெளியே போகும் பணம். அவர்களுடைய குடும்பங்களுக்கோ அதுதான் உயிர்நாடி. அப்படி வரும் பணம் ஒரு நாட்டுக்கு எவ்வளவு பெரிது என்பதற்கு மீண்டும் இலங்கையைப் பாருங்கள். 2023-இல் இலங்கை தேயிலை ஏற்றுமதியால் ஈட்டியது சுமார் 131 கோடி டாலர். வெளிநாடுகளில் உழைக்கும் இலங்கையர் வீட்டுக்கு அனுப்பியது 597 கோடி. தேயிலையைப் போல நான்கு மடங்குக்கு மேல்!

கடைசியாக, எந்தக் கணக்கிலும் ஏறாத ஒரு செலவைச் சொல்லியாக வேண்டும். 2013 அக்டோபர் 23 நள்ளிரவுக்குப் பின், ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணை நிரம்பித் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் வீடுகளை அடித்துச் சென்றன, உயிர்கள் போயின. அணை அவ்வளவு சீக்கிரம் நிரம்பியதற்கு, மலைச்சரிவுகளில் காடு வெட்டித் திறந்த நிலங்களிலிருந்து ஆண்டுக்கணக்கில் இறங்கி ஏரியை அடைத்த வண்டலும் ஒரு காரணம். அந்த நிலங்களில் விளைந்த காய்கறி, உற்பத்தியாகவும் ஏற்றுமதியாகவும் கணக்கில் ஏறியது. அதோடு இறங்கிப்போன மண் எந்தப் பத்தியிலும் கழிக்கப்படவில்லை. இந்த மலை விற்கும் பொருள்களில் மண்ணும் ஒன்றாகிவிடக் கூடாது. மந்திரி வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காமல், மண்ணைக் காக்கும் வேலையைப் பண்ணை நடத்துகிறவர்கள் தாங்களே கையில் எடுக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். மலேசியப் புள்ளிவிவரத் துறை ஒவ்வொரு மாதமும் வர்த்தகக் கணக்கை வெளியிடுகிறது; யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். உபரி எத்தனை கோடி என்ற முதல் வரியோடு தாளை மூடிவிடாதீர்கள். ஏற்றுமதி கூடியதா, இறக்குமதி சுருங்கியதா என்று பாருங்கள். வாங்கியது இயந்திரமா, நுகர்பொருளா என்று பாருங்கள். சேவைக் கணக்கையும் நடப்புக் கணக்கையும் தேடி எடுங்கள். புரியாத எண்ணை வகுப்பறைக்குக் கொண்டுபோய் ஆசிரியரிடம் கேளுங்கள். ஆசிரியர்களே, அந்தக் கேள்விக்கு ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள்.